தன் வீட்டுக் கதவைத் தட்டும் முகவரி

திங்கள்தோறும் 20ஆம் நாள் நெருங்கும்போது, சரக்கு சேவை வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கணக்கர் அலுவலகங்களில் ஒரு காட்சியைக் காணலாம். கணினித் திரையில் அரசின் வரி வலையகம் விரிந்திருக்கும். கணினியின் யுஎஸ்பி துளையில் ஒரு விரல் நீளச் சாவி செருகியிருக்கும். கணக்கர்கள் அதை டோக்கன் என்பர், டி.எஸ்.சி. என்றும் சொல்வர். தாக்கல் செய்யும் பொத்தானை அழுத்தியதும், அவ்வலைப்பக்கத்தோடு சேராத வேறொரு சிறு சாளரம் எழுந்து எந்தச் சான்றிதழ் என்று கேட்கும். பின் கடவெண்ணைக் கேட்கும். எண்களைத் தட்டியதும் சாளரம் மறைய, ஒப்பம் கிடைத்துவிட்டது என்று வலைப்பக்கம் அறிவிக்கும்.

அந்தச் சிறு சாளரம் வலைப்பக்கத்துக்கு உரியதன்று. எம்சைனர் என்னும் தனி நிரல் ஒன்று முன்பே அக்கணினியில் நிறுவப்பட்டிருக்கிறது. சாளரம் அதன் முகம். வலைப்பக்கம் உலாவிக்குள் ஓடுகிறது, நிரல் உலாவிக்கு வெளியே ஓடுகிறது. இரண்டும் ஒரே கணினியில், ஒரே நினைவகத்தில் வாழ்கின்றன. ஆயினும் ஒன்று மற்றொன்றை நேரே காண முடியாது. நடுவில் சுவர் உண்டு. அச்சுவரைத் தாண்டி அறிக்கையின் சுருக்கம் ஒருபுறம் சென்றது, ஒப்பம் மறுபுறம் வந்தது. வழி எப்படிப் பிறந்தது என்பதைவிட, சுவர் ஏன் எழுந்தது என்பதை முதலில் அறிவது நலம்.

1989இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வலை, படிப்பதற்கான ஏடுகளின் பின்னல். ஏடு யாரையும் கடிக்காது. 1995இல் நெட்ஸ்கேப் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் புகுந்தபோது நிலை மாறியது; ஏடு என்று நாம் திறப்பது அன்றுமுதல் ஓடும் நிரலும் ஆயிற்று. முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலை, அவர் பெயரும் கேளாமல், நாள்தோறும் பலமுறை நம் கணினியில் ஓட விடுகிறோம். அதற்கு நம் கோப்புகளைத் திறக்கவோ, துளையில் செருகிய சாவியைத் தொடவோ உரிமை கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் போதும். எனவே உலாவி, வலைப்பக்கத்தைக் காப்பறை ஒன்றுக்குள் அடைத்தது. அதோடு நில்லாமல், நெறிமுறை, வலையகப் பெயர், துறை எண் ஆகிய மூன்றும் பொருந்தும் இடத்திலிருந்து வருவதை மட்டுமே ஒரு பக்கம் படிக்கலாம் என்றும் வரையறுத்தது. இம்மூன்றும் சேர்ந்ததே அப்பக்கத்தின் பிறப்பிடம்.

இடைக்காலத்தில் சுவரில் துளைகள் இடப்பட்டன. ஜாவா குறுநிரல்களும், மைக்ரோசாப்ட் 1996இல் கொணர்ந்த ஆக்டிவ்எக்ஸும், பலவகைச் செருகுநிரல்களும் உலாவிக்குள்ளிருந்தே கணினியின் உறுப்புகளைத் தொட்டன. நம் நாட்டு அரசு வலையகங்களும் மின்னொப்பத்துக்கு ஜாவா குறுநிரல்களைப் பயன்படுத்தின. தீயோர்க்கும் அத்துளைகளே வாயிலாயின. 2015 செப்டம்பரில் குரோம் உலாவி பழைய செருகுநிரல் முறையை அறவே நீக்கியது. 2017இல் ஃபயர்பாக்ஸும் அவ்வழி சென்றது. இதனால் வேலை கெட்டது என்று வருந்தியோர் பலர். என் எண்ணத்தில் அது செய்தே தீர வேண்டிய செயல்.

சுவர் நின்றது, தேவையும் நின்றது. மின்னொப்பச் சாவிக்குள் உறையும் மறைகுறி எக்காரணத்தாலும் வெளியே வாராது. அதன் வலிமையே அதுதான். ஒப்பமிட வேண்டிய 32 பைட் சுருக்கம் சாவிக்குள் செல்ல வேண்டும், 256 பைட் ஒப்பம் வெளியே வர வேண்டும். எடைமேடை, பற்றுச்சீட்டு அச்சுப்பொறி, ஆய்வகக் கருவி ஆகியவற்றுக்கும் இதே நிலை. கருவியோடு பேசத் தெரிந்தது மேசை நிரல். கணக்கை வைத்திருப்பதோ வலைச்செயலி. இரண்டும் பேசியாக வேண்டும்.

சுவரை உடைக்காமல் பேச ஒரு வழியை இணைய முகவரி முறையே வைத்திருந்தது. 127 என்று தொடங்கும் 1,67,77,216 முகவரிகளும் வெளியுலகுக்கு உரியவை அல்ல. அவற்றுக்கு அனுப்பும் எதுவும் கம்பியில் ஏறாது. அனுப்பிய கணினிக்கே மீளும். அவற்றுள் வழக்கில் நிலைத்தது 127.0.0.1. ஒருவர் தம் முகவரியைத் தாமே உறையில் எழுதி, அஞ்சல் நிலையம் செல்லாமலே தம் திண்ணையில் இட்டுக்கொள்வதைப் போன்றது அது. அம்முகவரிக்குள் 65,535 துறைகள் உண்டு. போர்ட் என்று கணினித் தொழிலார் சொல்வது இதையே. மேசை நிரல் ஒரு துறையைத் தெரிந்துகொண்டு, தானே ஒரு சிறு வழங்கியாக மாறி அங்கே காத்திருக்கும். எம்சைனர் நிரல் காத்திருக்கும் துறை 1585. வலைப்பக்கத்துக்கோ தொலைநாட்டு வழங்கியும் ஒன்று, பக்கத்துத் துறையும் ஒன்று. இரண்டுக்கும் ஒரே முறையில் ஓலை அனுப்பும்.

இனி எழுவது திசை பற்றிய சிக்கல். வலையின் மூல நெறிமுறையில் கேட்பவர் ஒருவர், விடை சொல்பவர் ஒருவர். கேளாமல் வழங்கி வாய் திறக்கலாகாது. இதில் வியப்பு என்னவெனில், அந்நெறிமுறைக்கு அடியில் கிடக்கும் டிசிபி, 1981இல் வரையறுத்த நாள்முதலே இருவழிப் பாதை. இரு முனையும் எந்நேரமும் பேசலாம். இருவழிச் சாலையின்மேல் ஒருவழிப் பழக்கத்தை வலை தானே விரும்பி ஏற்றது. ஏடு வாங்குவதற்கு அது போதும்.

எடைமேடைக்கு அது போதாது. தட்டில் மூட்டையை வைக்கும்போது எண் மாறுகிறது, யாரும் கேட்காமலே மாறுகிறது. நொடிக்கொருமுறை வலைப்பக்கம் "மாறிற்றா?" என்று கேட்டுக்கொண்டிருப்பது ஒரு முறை. ஒவ்வொரு கேள்வியும் தன் தலைப்புச் செய்திகளோடு 700 பைட் எனக் கொண்டால், எட்டு மணி நேர வேலைநாளில் 28,800 கேள்விகள், இரண்டு கோடிப் பைட்டுக்கு மேல். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு "இல்லை" என்பதே விடை. கேள்வியைப் பெற்றுக்கொண்டு, மாற்றம் வரும்வரை விடையை நிறுத்திவைப்பது இன்னொரு முறை. 2006 வாக்கில் காமெட் என்ற பெயரில் வழங்கிய அம்முறை, நெடுங்காலம் நற்பணி செய்தது. இருந்தாலும் ஒவ்வொரு விடைக்குப் பின்னும் புதுக்கேள்வி ஒன்று பிறக்க வேண்டியிருந்தது.

2008இல் இயன் ஹிக்சன் முதலியோர் வடித்த வெப்சாக்கெட் இதைத் தீர்த்தது. 2011 திசம்பரில் அது இணையத் தரமாயிற்று. அதன் தொடக்கம் அழகானது. வலைப்பக்கம் முதலில் வழக்கமான வலைக்கேள்வி ஒன்றையே அனுப்புகிறது. ஆனால் "இப்பேச்சை வேறு நெறிக்கு உயர்த்துவோமா" என்ற குறிப்பையும், 16 பைட் தற்செயல் குறி ஒன்றை எழுத்துகளாக்கியும் உடன் வைக்கிறது. மறுமுனை அக்குறியோடு தரநூலில் எழுதப்பட்ட நிலையான எழுத்துத் தொடர் ஒன்றை ஒட்டி, ஷா-1 என்னும் சுருக்கக் கணக்கில் இட்டு, வந்த விடையை 101 என்ற எண்ணோடு திருப்பி அனுப்ப வேண்டும். அத்தொடர் யாவர்க்கும் தெரிந்ததே. ஆகவே இதில் மறைவு ஏதுமில்லை. மறுமுனையில் இருப்பது இந்நெறியை உண்மையாகவே அறிந்த நிரலா, அல்லது எதையும் அறியாது தலையாட்டும் அஞ்சல் வழங்கியா என்று தெளிவதற்கே இத்தேர்வு. தேர்ந்தபின் பாதை திறந்தே இருக்கும். 125 பைட்டுக்கு மேற்படாத செய்தியை நிரல் அனுப்பினால், அதற்கு மேலுறை இரண்டே பைட். 700 எங்கே, 2 எங்கே!

உலாவியிலிருந்து செல்லும் செய்திக்கு மட்டும் மேலும் நான்கு பைட் வேண்டும். அதற்கொரு வரலாறு உண்டு. உலாவிகள் வெப்சாக்கெட்டை ஏற்கத் தொடங்கியிருந்த 2010இல், ஆய்வாளர் சிலர் ஓர் அச்சத்தை மெய்ப்பித்தனர். வழியில் நிற்கும் பழைய இடைவழங்கிகள் புதிய நெறியை அறியாதவை. தீய பக்கம் ஒன்று, வெப்சாக்கெட் செய்தியையே வலைக்கேள்வி போலத் தோன்றும்படி கோத்து அனுப்பினால், இடைவழங்கி ஏமாந்து, பொய்யான விடையைத் தன் சேமிப்பில் வைத்துப் பிறர்க்கும் வழங்கிவிடும். அவ்வாண்டு திசம்பரில் ஃபயர்பாக்ஸும் ஓப்பராவும் வெப்சாக்கெட்டை நிறுத்தி வைத்தன. தீர்வாக வந்ததே மறைப்பு. உலாவி ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக நான்கு பைட் தற்செயல் எண்ணை எடுத்து, செய்தி முழுவதையும் அதனோடு கலந்து அனுப்பும். அவ்வெண்ணையும் உடன் அனுப்பும். பெறுபவர் எளிதில் பிரித்துவிடலாம். ஆனால் கம்பியில் எந்த எழுத்து ஓடும் என்பதைப் பக்கத்தை எழுதியவர் முன்கூட்டி அறிய முடியாது. பூட்டில்லாத இக்காப்பை நான் இணைய நெறிகளுள் நுட்பமான ஒன்றாக மதிக்கிறேன்.

பாதை இவ்வாறு திறந்தது. ஆனால் இத்துறையில் பணி செய்வோர் அனைவரும் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. 127.0.0.1இல் காத்திருக்கும் நிரலின் கதவை, வரி வலையகம் மட்டுமன்று, நாம் திறக்கும் எந்த வலைப்பக்கமும் தட்டலாம். சமையற்குறிப்புப் பக்கமும் தட்டலாம். வெளியூர்க் கள்வன் நம் தெருவுக்குள் வர வேண்டியதில்லை. நம் உலாவியே அவன் சொல்லைச் சுமந்து உள்ளிருந்து கதவைத் தட்டுகிறது. கணினிக்குள்ளிருந்து வருவது என்பதாலேயே நம்பத்தக்கது என்று எண்ணிய நிரல்கள் பல கெட்டிருக்கின்றன.

2019 சூலையில் ஜூம் நிரலுக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. மேக் கணினிகளில் அது 19421ஆம் துறையில் சிறு வழங்கி ஒன்றை நிறுவி வைத்திருந்தது. கூட்ட இணைப்பைத் தொட்டதும் நிரல் விரைந்து திறக்க வேண்டும் என்பதே நோக்கம். பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் வெளிப்படுத்தியபடி, எந்த வலைப்பக்கமும் அத்துறையைத் தட்டி, பயனரைக் கேளாமலே அவரை ஒரு கூட்டத்தில் சேர்க்கலாம், படக்கருவியும் இயங்கக்கூடும். ஜூமை நீக்கினாலும் அவ்வழங்கி கணினியில் எஞ்சி நிற்கும். மீண்டும் நிரலை நிறுவும் வல்லமையும் அதற்கு உண்டு. நாள்கள் சிலவற்றுள் ஆப்பிள் தானே ஒரு புதுப்பிப்பை அனுப்பி அதை அகற்றியது.

அந்த வழங்கி விடை சொன்ன விதம் கருதத்தக்கது. வேறு பிறப்பிடத்து விடையைப் பக்கம் படிக்க உலாவி விடாது. ஆனால் படங்களை எங்கிருந்தும் ஏற்கலாம். படத்தின் அகல உயரத்தையும் அறியலாம். எனவே அவ்வழங்கி ஒரு படத்தை அனுப்பியது. அதன் அளவுகளே விடையின் குறியெண். பூட்டிய கதவின் கீழ்ச் சந்தில் சீட்டு நழுவவிட்டது போல. வேறு பிறப்பிடத்தார்க்கு இசைவு தருவதற்கென்றே முறையான தலைப்புச் செய்தி இருக்கும்போது, இவ்வளவு அறிவைச் சந்து தேடுவதில் செலவிட்டது வருத்தமே.

வெப்சாக்கெட்டுக்கோ பிறப்பிட நெறியே தடையாக நில்லாது. எப்பக்கமும் எத்துறையையும் அழைக்கலாம். ஆனால் உலாவி ஒரு நன்மை செய்கிறது: அழைக்கும் பக்கத்தின் பிறப்பிடத்தை முதற்கேள்வியிலேயே எழுதி அனுப்புகிறது. பக்கத்திலுள்ள நிரல் அதைத் திருத்த இயலாது. மேசை நிரல் அவ்வொரு வரியைப் படித்து, தனக்குரிய வலையகம் அல்லாதவரை வாயிலிலேயே திருப்பிவிட வேண்டும். தன் பெயரைச் சொல்லி அழைக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஏனெனில் தீயோர் தம் வலைப்பெயரையே 127.0.0.1ஐச் சுட்டும்படி நடுவழியில் மாற்றி, பிறப்பிட நெறியை ஏய்ப்பது உண்டு. சில வரிகளில் முடியும் இவ்விரு சோதனைகளும் பல நிரல்களில் விடுபட்டுப் போயிருப்பது எனக்கு ஆறாக் கவலை.

எதிர்த்திசையிலும் ஐயம் உண்டு. 1585இல் விடை சொல்வது உண்மையான ஒப்ப நிரல்தானா? மறையீடு செய்த வலைப்பக்கம் மறையீடற்ற வழங்கியோடு பேசுவதை உலாவிகள் தடுப்பதால், மேசை நிரல்கள் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது. தன்னையே சுட்டும் முகவரிக்கு எந்தச் சான்று ஆணையமும் சான்றிதழ் தராது. எனவே நிரல் தனக்குத் தானே சான்று எழுதிக்கொண்டது, பயனர் 127.0.0.1ஐ ஒருமுறை உலாவியில் திறந்து, எச்சரிக்கையைக் கடந்து, அச்சான்றை ஏற்க வேண்டியதாயிற்று. எச்சரிக்கையைக் கடக்கக் கற்பித்த கை, நாளை பொய்யான வங்கிப் பக்கத்திலும் அவ்வாறே கடக்கும். 127.0.0.1 என்னும் மீள்முகவரியை மறையீடின்றியும் நம்பலாம் என்று குரோம் முதலிய உலாவிகள் பின்னர் ஏற்றது நல்ல மாற்றம்.

துறையே திறவாத இன்னொரு வழியும் உண்டு. உலாவியில் நீட்சி ஒன்றை நிறுவுகிறோம். மேசை நிரலோ தன் பெயரையும், எந்த நீட்சிக்கு மட்டும் பணிவேன் என்பதையும் ஓர் அறிவிப்புக் கோப்பில் எழுதிவைக்கிறது. தேவை எழும்போது உலாவியே அந்நிரலைத் தொடங்கி, அதன் இயல்பு உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் குழாய் பொருத்திப் பேசுகிறது. வேறு பக்கம் எதுவும் அக்குழாயைத் தொட முடியாது. யார் வருகிறார் என்ற கேள்விக்கு விடை முன்பே எழுதப்பட்டிருப்பதால், மறைகுறி, கடவெண் போன்றவற்றுக்கு நான் இவ்வழியையே பரிந்துரைப்பேன்.

இதில் ஒவ்வொரு செய்திக்கும் முன் நான்கு பைட்டில் அதன் நீளம் செல்ல வேண்டும். எளிய விதி. எடைமேடையின் எண்ணை வலைப்பக்கத்துக்கு ஏற்றும் நிரல் ஒன்றை இவ்வழியில் எழுதினேன். பக்கத்திலிருந்து "சுழியாக்கு" என்ற ஆணை வரும். நிரலிலிருந்து எடை செல்லும். மூட்டைகள் எல்லாம் செவ்வனே ஏறின. 10 கிலோவுக்குக் குறைந்த சிறு பொட்டலங்களை வைத்தால் மட்டும் பக்கம் உறைந்து நின்றது. எடைமேடையை ஐயுற்றேன், கம்பியை மாற்றினேன். பிழை எண்ணில் இருந்தது. 12.5 என்ற எடையைச் சுமந்த செய்தி, அடைப்பும் மேற்கோளும் சேர்த்து 11 எழுத்து. 9.5 என்றால் 10 எழுத்து. விண்டோசில் 10 என்னும் பைட் வரிமுடிவைக் குறிக்கும். எழுத்து முறையில் திறந்த வெளியீட்டில் அது வந்தால், வழக்கப்படி அதற்கு முன் 13 என்னும் பைட் தானே சேர்ந்துவிடும். நீளத்தைச் சொல்லும் நான்கு பைட்டுக்குள் 13 புகுந்தது. 10 என்று சொன்னதை உலாவி 2573 என்று படித்து, வாராத எழுத்துகளுக்காகக் காத்துக் கிடந்தது. வெளியீட்டை இருமமுறைக்கு மாற்ற ஒரு வரி போதுமாயிருந்தது. அவ்வொரு வரியைக் காண மூன்று நாள் ஆயிற்று. குழாயில் தன் நாட்குறிப்பை அச்சிடும் நிரலும் இவ்வாறே தன் பேச்சைத் தானே கெடுத்துக்கொள்ளும். நாட்குறிப்புக்கு உரிய இடம் பிழை வெளியீடு.

வலைச்செயலி தொலைவழங்கியில் இருக்க, மேசை நிரல் பக்கத்தின் துணையின்றித் தானே அதனோடு பேச வேண்டிய நிலையும் உண்டு. அங்கு ஒன்றே விதி: அழைப்பு உள்ளிருந்து செல்ல வேண்டும். அலுவலகக் கணினிகள் பொதுமுகவரி இல்லாமல் திசைவியின் பின்னே ஒளிந்திருப்பதால், வெளியிலிருந்து அவற்றை அழைக்க இயலாது. நிரல் வெளியே அழைத்துத் திறந்த பாதையைத் திசைவி நினைவில் வைத்திருக்கும். நெடுநேரம் பேச்சில்லையேல் மறந்துவிடும். எனவே இடையிடையே "இருக்கிறாயா", "இருக்கிறேன்" என்னும் சிறு துடிப்புகள் வேண்டும். வெப்சாக்கெட் நெறியிலேயே அதற்குத் தனிச் செய்தி வகைகள் உண்டு. பாதை அறுந்து மீண்டும் ஒட்டும்போது, முன் அனுப்பியது சென்றதா இல்லையா என்ற ஐயம் எழும். ஒவ்வொரு செய்திக்கும் எண்ணிட்டு, ஓர் எண்ணை இருமுறை பெற்றால் ஒருமுறையே செய்யும்படி நிரலை அமைக்க வேண்டும். எடையை இருமுறை எழுதினால் கணக்கு பிழைக்கும். ஒப்பத்தை இருமுறை இட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டா.

2025இன் பிற்பகுதியில் வந்த குரோம் பதிப்பு, பொது வலையகம் ஒன்று நம் உள்வலையையோ மீள்முகவரியையோ வலைக்கேள்வியால் தொட முயலும்போது பயனரிடம் இசைவு கேட்கத் தொடங்கியிருக்கிறது. முப்பது ஆண்டுகள் யார் தட்டினும் திறந்திருந்த கதவு அது. இனி அந்தக் கணக்கர் அலுவலகத்தில் கடவெண்ணுக்கு முன் இன்னொரு வினாவும் எழலாம்: இவ்வலையகம் உம் கணினியிலுள்ள நிரலோடு பேச விழைகிறது, விடலாமா? கணக்கர் மேலே முகவரிப் பட்டையைப் பார்க்கிறார். அரசின் வலையகம்தான் என்று எழுத்தெழுத்தாகப் படித்துக்கொள்கிறார். இசைவு தருகிறார், சிறு சாளரம் எழுகிறது, கடவெண்ணைத் தட்டுகிறார். வேலை முடிந்ததும் சாவியை உருவிச் சட்டைப்பையில் இட்டுக்கொள்கிறார். செம்மையாக எழுதிய நிரலாயின், அந்நொடியே யாரும் கேளாமல் ஒரு சிறு செய்தி பக்கத்துக்குச் செல்லும். ஒப்பமிடும் பொத்தான் மங்கிவிடும்.